கயிறு திரிப்பவர் மண்டபத்தில் என் சின்னவள் தூங்கிய மத்தியானம்

இதை எழுத எனக்கு இத்தனை வருசம் எடுத்தது சோம்பலால் இல்லை. பேனையை எடுத்தால் கை கூசும். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். மாதா செய்த உதவியை எழுதப்போய், என் எழுத்தால் அதைச் சின்னதாக்கிப் போடுவேனோ என்ற பயம். பூசை முடிந்து வரும்போதெல்லாம் இந்தக் கிழமை எழுதவேணும் என்று நினைப்பேன். வீட்டுக்கு வந்து சாப்பிட்டதும் அந்த நினைப்பு நித்திரையாய்ப் போய்விடும்.

இரண்டாயிரத்துக்குப் பிந்திய அந்த வருசங்களில் ஐரோப்பாவில் இருந்த எங்கட சனம் பிள்ளைகளின் இங்கிலீசுக்காக லண்டனுக்கு வந்துகொண்டிருந்தது. நாங்களும் ஜேர்மனியை விட்டு, தெற்கு லண்டனில் மிச்சம் என்கிற ஊருக்கு வந்தோம். பெரியவளுக்கு ஒன்பது வயது. வந்த கையோடு சிநேகிதிகள் பிடித்துவிட்டாள். சின்னவளுக்கு ஐந்து. வீட்டுக்குள் அக்காவோடு ஜேர்மன்காரரின் டொச் பாஷையில் குசுகுசுப்பாள், எங்களோடு தமிழில் இரண்டு சொல் கதைப்பாள். வாசல் தாண்டினால் வாய் திறக்கமாட்டாள். பள்ளிக்கூடத்தில் கழிவறைக்குப் போகவேணும் என்றுகூடக் கேட்கமாட்டாள். நனைந்த உடுப்போடுதான் வீட்டுக்கு வருவாள்.

என் மனிசி அந்த உடுப்பை அலசிக்கொண்டே ஒருநாள் சொன்னா: "நத்தார்ப் பண்டிகைக்குள்ள இவள் வெளியில வாய் திறக்காட்டி நாங்கள் மூண்டுபேரும் திரும்பிப் போறம். நீங்கள் உங்கட லண்டனைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு இருங்கோ."

திரும்பிப் போக அங்கே வீடும் இல்லை, வேலையும் இல்லை. அது அவவுக்கும் தெரியும். நான் பின்னேரச் செபமாலையில் மாதாவிடம் ஒரே ஒரு காரியத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

வருசத்துக்கு ஒருதரம் லண்டனின் பழைய கட்டடங்களைச் சனத்துக்குச் சும்மா திறந்துவிடுவார்கள். அப்படி ஒன்றைப் பார்த்து வரைந்து வரும்படி பெரியவளின் ரீச்சர் சொல்லியிருந்தா. நான் வேலை செய்த கடையில் ஷிப்டை மாற்றிக்கொண்டு, ட்ராமில் விம்பிள்டன் போய், அங்கிருந்து ரெயின் எடுத்துப் போனோம். கண்ணாடி ஒபிஸ்களுக்கு நடுவில் ஒரு ஒடுங்கின ஒழுங்கை. அதற்குள் அந்த மண்டபம். கறுத்த மரச்சட்டங்கள், இடையிடையே வெள்ளைச் சுவர், கீழ்த்தட்டைவிட முன்னுக்குத் தள்ளிக்கொண்டு நிற்கும் மேல்தட்டு.

பெரியவள் வாசலில் இருந்த பலகையை வாசித்தாள். "அப்பா, இது அந்தக் காலத்தில கயிறு திரிக்கிற ஆக்கள் கூடின இடமாம். ஒரே தொழில் செய்யிறவை எல்லாரும் சேர்ந்து கட்டினதாம்."

"கயிறு திரிக்கிறதுக்கும் ஒரு சங்கமோ?" என்றா மனிசி. "ஊர்க்கதையில கயிறு திரிக்கிற உங்கட அக்காவைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கலாம். தலைவியாய்ப் போட்டிருப்பினம்."

நான் சிரித்து முடிப்பதற்குள் சின்னவள் என் கையை விட்டுவிட்டாள். ஜேர்மனியில் நாங்கள் இருந்ததும் இப்படி மரச்சட்டம் போட்ட ஒரு பழைய வீட்டின் மேல்மாடியில்தான். நான் சமைத்த ரெஸ்ரோரன்ட் கீழே இருந்தது. அவள் அண்ணாந்து பார்த்து, "எங்கட வீடு" என்று டொச்சில் சொல்லிக்கொண்டு வாசலுக்குப் போனாள். வாசற்படியில் குந்தியிருந்து சப்பாத்தைக் கழற்றி, சுவரோரம் சோடியாக வைத்தாள்.

"விசரி! இது எங்கட வீடில்லை. சப்பாத்தைப் போடு!" என்று தமக்கை கத்தினாள்.

வாசலில் ஆக்களை வரவேற்று நின்ற வெள்ளைக்கார அம்மா, நீலக் கம்பளிச் சட்டைக்காரி, பரவாயில்லை விடுங்கோ என்று கையைக் காட்டிவிட்டு இருமினா.

உள்ளே மெழுகு வாசம். கவிழ்த்துப் போட்ட பெரிய வள்ளத்துக்குள் நிற்பது போல இருந்தது. தலைக்கு மேலே வளைந்த சட்டங்கள். எங்குமே ஆணி இல்லை, மரமுளைகளால்தான் பொருத்தியிருந்தார்கள். சின்னவள் ஒவ்வொரு தூணாகத் தொட்டுத் தொட்டுப் போனாள், எல்லாம் இருக்கிறதா என்று சரிபார்க்கிறவள் மாதிரி. யன்னல் வழியே வந்த வெயிலில் தூசி மெதுவாக மிதந்தது. அதைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது.

"பிள்ளை எங்க?" என்று மனிசி பதறின பிறகுதான் எனக்கு நினைவு வந்தது.

மேல்தட்டுக்கு ஓடினோம். அங்கே யன்னலுக்குக் கீழே ஆக்கள் இருக்கிற ஒரு நீள மர வாங்கில் அவள் நித்திரை. ஜேர்மனியிலும் அவளுடைய கட்டில் யன்னலுக்குக் கீழேதான் கிடந்தது. தூக்கப் போனேன். பின்னால் ஏறி வந்த நீலச்சட்டை அம்மா, வேண்டாம், தூங்கட்டும் என்றா. அவ ஓரடி வைக்க பழைய பலகை முனகியது. உடனே குனிந்து தன் சப்பாத்தைக் கழற்றினா. ஏறி வந்தவர்கள் அதைப் பார்த்தார்கள், பிள்ளையையும் பார்த்தார்கள். ஒருவர் பின் ஒருவராய்த் தாங்களும் கழற்றினார்கள். யாரும் சொல்லவில்லை. கோட்டும் ரையும் போட்ட பெரிய மனிதர்கள் வெறும் மேசுக் காலுறையோடு, ஆராதனை நேரத்தில் கோயிலுக்குள் நடப்பது போல மெல்ல மெல்ல நடந்தார்கள்.

"அப்பா, அந்த அங்கிளின்ர பெருவிரல் எட்டிப் பார்க்குது," என்று பெரியவள் என் காதுக்குள் சிரித்தாள்.

பொக்கற்றுக்குள் செபமாலை இருந்தது. பிடித்துக்கொண்டேன். எதைக் கேட்கிறது என்று மறந்துபோச்சு. நான் முழிப்பாய் இருக்கிறேனா, பிள்ளையின் கனவுக்குள் நிற்கிறேனா என்றே விளங்கவில்லை.

அவள் எழும்பி உட்கார்ந்தாள். வீடு நிறைய ஆட்கள். எல்லாரும் முறையாகச் சப்பாத்தைக் கழற்றிவிட்டு நிற்கிறார்கள். ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். பிறகு, பள்ளிக்கூடத்தில் தினமும் காதில் விழுந்த இங்கிலீசில், ரீச்சரின் குரலிலேயே சொன்னாள்:

"சிற் டவுன், பிளீஸ்."

எல்லாரும் உட்கார்ந்தார்கள். வாங்கில் இடம் இல்லாதவர்கள் நிலத்தில் இருந்தார்கள்.

அவள் தாயின் பக்கம் திரும்பி, "அம்மா, இவையளுக்குத் தேத்தண்ணி?" என்றாள்.

"தேத்தண்ணிக்கு நான் எங்கயடி போவன்?" என்ற மனிசிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாய் வந்தது.

திங்கட்கிழமை அவள் பள்ளிக்கூடத்தில் கதைக்கவில்லை. செவ்வாயும் இல்லை. அந்தக் கிழமை முடியுமுன் ஒருநாள் காய்ந்த உடுப்போடு வந்தாள். மனிசி அவளுடைய பாவாடையைத் தொட்டுப் பார்த்தா, திரும்பவும் தொட்டுப் பார்த்தா. அந்த வருச நத்தாருக்குப் பாலன்குடிலை மிச்சம் வீட்டில்தான் கட்டினோம்.

இது மாதாவின் செயல் என்று நான் அன்றும் நம்பினேன், இன்றும் நம்புகிறேன். ஆனால் கதை எங்கட சனத்துக்குள் போய் வேறாகத் திரும்பி வந்தது. ஹவுன்ஸ்லோப் பக்கம் சொல்லுகிற கதையில், நீலச்சட்டை அம்மா வெளிச்சத்துக்குள் மறைந்துபோனாவாம். இன்னொரு இடத்தில், என் பிள்ளை பிறவி ஊமையாம். போன மாதம் ஒரு கலியாண வீட்டில் ஆரோ அவளிடமே, "நீர்தானே அந்த ஊமைப் பிள்ளை?" என்று கேட்டிருக்கினம். இப்போது வேலைக்குப் போகிற குமர்ப்பிள்ளை அவள். அங்கே சிரித்துவிட்டு, வீட்டில் வந்து, "அப்பா, நான் ஊமையாய் இருந்தனானோ?" என்றாள். அதற்குப் பிறகுதான் கூச்சத்தை விட்டு எழுத உட்கார்ந்தேன்.

வாசிக்கிறவர்கள் இதை மற்றவர்களுக்கும் சொல்லுங்கோ. பிள்ளை ஒன்று கதைக்காமல் இருக்கிற வீட்டில் கட்டாயம் சொல்லுங்கோ. கூட்டாமல் குறைக்காமல், நடந்தபடியே சொல்லுங்கோ. அந்த அம்மா மறையவில்லை, எங்களை வாசல் மட்டும் வந்து வழியனுப்பினா. என் பிள்ளை ஊமையாய் இருக்கவில்லை. தெரியாத ஊரில் அவளுக்குக் கதைக்க மனம் வரவில்லை, அவ்வளவுதான். மாதா செய்ததும் இவ்வளவுதான். எனக்கு இது காணும், இதற்கு மேல் வேண்டாம்.