இரண்டு வேலை கிடைத்த அன்று

மழைக்காக எங்கள் பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை விட்ட அன்று அத்தைக்கு மட்டும் விடுமுறை இல்லை. சித்தூர் வீட்டில் அம்மா தம்பியைப் பெற்றுப் படுத்திருந்தாள். நைனா, அதாவது அப்பா, வேலைக்குப் போயாக வேண்டும். என்னைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததால் அத்தை என்னையும் திருப்பதி பஸ்ஸில் ஏற்றிக்கொண்டாள். அறுபதுகளின் கடைசி அது. அத்தை நைனாவுக்கு அக்கா. கல்யாணம் செய்துகொள்ளாமல் எங்களோடு இருந்தாள். எங்கள் கிறிஸ்தவ சபையில் சட்டம் படித்த முதல் பெண் அவள்தான்.

படித்து முடித்துக் கொஞ்ச காலம் கறுப்புக் கோட்டு மாட்டிக்கொண்டு சித்தூர் கோர்ட்டுக்குப் போய்வந்தாளாம். பெண்பிள்ளையை நம்பி வழக்கைக் கொடுக்க யாருக்கும் மனம் வரவில்லை. அப்புறம் நூலகப் படிப்பும் படித்து, திருப்பதியில் ஒரு சட்டக் கல்லூரியில் நூலகராகச் சேர்ந்தாள். அங்கே எந்த ஆசிரியர் லீவு போட்டாலும் அவருடைய வகுப்பு அத்தையின் தலையில் வந்து விழும். தற்காலிகம் என்றுதான் சொல்வார்கள். அந்தத் தற்காலிகம் வருஷக்கணக்காக நடந்துகொண்டிருந்தது. அன்றைக்கு நிரந்தர ஆசிரியர் வேலைக்கு இன்டர்வியூ. இதெல்லாம் எனக்குப் பிற்பாடு தெரிந்தது. அன்று தெரிந்ததெல்லாம், அத்தை கிறிஸ்துமஸ் புடவையைக் கட்டியிருந்தாள், அதன்மேல் சாயக்கூடாது என்று எனக்குச் சொல்லிவிட்டாள் என்பதுதான்.

புத்தலப்பட்டு தாண்டியதும் ஏரித் தண்ணீர் ரோட்டுக்கே வந்திருந்தது. பஸ் ஊர்ந்து ஊர்ந்து போய்ச் சேர்ந்தது. நூலக வாசலிலேயே அட்டெண்டர் காத்துக்கொண்டிருந்தார்.

"மேடம், காத்துல ஜன்னல் தொறந்துக்கினு கீழ் வரிசை பூரா நனைஞ்சிபோச்சு. நீங்க மேல இன்டர்வியூக்குப் போங்க, நான் பாத்துக்கறேன்."

அத்தை மாடிப்படியைப் பார்த்தாள். அலமாரியைப் பார்த்தாள். பிறகு முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு ஈரத்தரையில் உட்கார்ந்துவிட்டாள். தீர்ப்புகளைத் தொகுத்த தோல் அட்டைப் புத்தகங்கள் அவை. நனைந்து கருங்கல்லாய்க் கனத்தன. அவள் ஒவ்வொன்றாக உருவிக் கொடுக்க, அட்டெண்டர் மேசையில் விரித்து வைத்தார். நான் பக்கங்களுக்கு நடுவே பழைய பேப்பரைச் செருகினேன். கரண்ட் இல்லை. ஃபேனும் ஓடவில்லை.

மாடியிலிருந்து கிளார்க் இறங்கி வந்து, "மேடம் காரு, பிலுஸ்துன்னாரு" என்று மேலே அழைப்பதாகத் தெலுங்கில் சொன்னார். அத்தை எழுந்து புடவைக் கரையைப் பிழிந்துவிட்டுக்கொண்டாள். அதிலிருந்து பழுப்புத் தண்ணீர் சொட்டியது.

மாடியில் பெஞ்சில் கோட்டு போட்ட ஒரு இளைஞர் உட்கார்ந்திருந்தார். அத்தையைக் கண்டதும் சட்டென்று எழுந்தார். அவளிடம் படித்தவராம். அதே வேலைக்குத்தான் அவரும் வந்திருந்தார். அத்தை அவர் தோளைத் தட்டிவிட்டு உள்ளே போனாள். அவர் எனக்கு ஒரு பெப்பர்மின்ட் கொடுத்தார்.

பாதி உயரத்துக்கே இருந்த கதவு பேச்சை மறைக்கவில்லை. முதலில் இங்கிலீஷில் என்னென்னவோ கேட்டார்கள். அத்தை தயங்காமல் சொல்லிக்கொண்டே போனாள். பெஞ்சுக்காரர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு ஒரு வயதான குரல் தமிழில் கேட்டது.

"எல்லாம் சரிம்மா. நீங்க கிளாஸுக்குப் போயிட்டா லைப்ரரிய யாரு பாத்துக்கறது?"

"வேற ஆளைப் போடலாம் சார்."

"எங்கேர்ந்து போடறது? அதுக்கு மேலேர்ந்து ஆர்டர் வரணும். அது எந்தக் காலத்துல வருமோ. வெளியில இருக்கற அந்தப் புள்ளைய எடுத்துக்கினா இந்தத் தொல்லையே இல்ல, பாருங்க."

 தகரக் கூரையில் மழை கொட்டியது. என் பக்கத்தில் இருந்த இளைஞர் தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்போ ரெண்டையும் நானே பாத்துக்கறேன் சார்" என்றாள் அத்தை.

"அப்டி சொல்லுங்க! உங்களால முடியாததா?" என்று எல்லோரும் சிரித்தார்கள். நாற்காலிகள் நகர்ந்தன.

வெளியே வந்த அத்தைக்கு இளைஞர் கைகூப்பினார். அவள் படியிறங்கி நேராக நூலகத்துக்குப் போய் மிச்சப் புத்தகங்களை எடுத்து விரிக்க ஆரம்பித்தாள். பஸ் நேரம்வரை அதுதான் வேலை. திரும்பும் வழியெல்லாம் ஜன்னல் கம்பியில் தலை இடிக்க இடிக்கத் தூங்கினாள். நான் அவள் புடவைமேல் சாய்ந்திருந்தேன். 

வீட்டு வாசலிலேயே நைனா நின்றிருந்தார். "ஜெபம் பண்ணிக்கினே இருந்தோம்க்கா. கெடைச்சுதா?"

அத்தை வாயைத் திறக்குமுன் நான் கத்தினேன். "ஒண்ணில்ல நைனா, ரெண்டு வேலை! அத்தைக்கு ரெண்டு வேலை குடுத்துட்டாங்க!"

நைனா என்னைத் தூக்கிச் சுற்றினார். போதகரிடம் சொல்ல அந்த மழையிலேயே குடையோடு கிளம்பிவிட்டார். அடுத்த ஞாயிறு கோயிலில் ஸ்தோத்திரம் சொன்னார்கள். உள்ளே படுத்திருந்த அம்மா மட்டும் அன்றே, "அப்போ இனிமே எப்போ அண்ணி வீட்டுக்கு வருவீங்க?" என்று கேட்டாள்.

எங்கள் வீட்டில் அதற்கு அப்புறம் அத்தையைப் பகலில் பார்த்தது குறைவு. முதல் பஸ்ஸில் போவாள், கடைசி பஸ்ஸில் வருவாள். காலையில் வகுப்பு, மற்ற நேரமெல்லாம் நூலகம். மேலேயிருந்து வரவேண்டிய ஆர்டர் வரவே இல்லை. எழுபதுகளின் கடைசியில் அந்தக் கல்லூரியின் முதல் பெண் பேராசிரியர் ஆனாள். அப்போதும் நூலகச் சாவி அவள் கைப்பையில்தான் கிடந்தது. எண்பதுகளில் அவள் ஓய்வு பெற்றதும் அவள் இடத்துக்கு இரண்டு பேரைப் போட்டார்கள். அதை அவள் எங்களிடம் சிரித்துக்கொண்டே சொன்னாள். சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

இன்டர்வியூ முடிந்து வந்த அன்று ராத்திரி அத்தை சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டுச் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள். "ஏன் அத்தை துன்னாம இருக்கீங்க? சந்தோஷமா இல்லையா?" என்று கேட்டேன்.

"சந்தோஷந்தான் பாப்பா. கால் நோவுது, அவ்ளோதான்."

நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்து காலைப் பிடித்துவிட்டேன். விடிந்தால் சரியாகிவிடும் என்றுதான் நினைத்தேன்.