எலிகளுக்குக் கொடுத்த இஞ்சி

ஜெனிட்டா அக்கா இறந்துவிட்டார் என்று அவர் தம்பி ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்தபோது நான் கல்லூரி ஆய்வகத்தில் இஞ்சித்தோல் சீவிக்கொண்டிருந்தேன். அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். அக்காவின் கையைப் பிடித்தபோது என் விரலெல்லாம் இஞ்சி வாசனை. அந்த வாசனை மேல் அன்று வந்த வெறுப்பு இன்னும் போகவில்லை.

விலங்கியல் துறையில் அவரோடு வேலை பார்த்தவர்களுக்கும் அவரிடம் படித்தவர்களுக்கும் தெரியும், இஞ்சிதான் அக்காவின் ஆராய்ச்சி. வலி மாத்திரையை அளவுக்கு மீறிக் கொடுத்தால் எலியின் சிறுநீரகம் வீங்கிக் கெட்டுப்போகும். முன்கூட்டியே இஞ்சிச்சாறு கொடுத்து வைத்த எலிகளுக்கு வீக்கமும் சேதமும் குறைவு. மைக்ராஸ்கோப்பில் அதை முதலில் பார்த்த அன்று, அவரிடம் ஆராய்ச்சி மாணவியாக இருந்த என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். "ஏளா, கெட்டுப்போனத இது திருப்பித் தராது. கெடாம கொஞ்சம் காக்குது, அவ்வளவுதான்" என்றார்.

மாதா கோவில் பெண்கள் கூட்டத்தில் அக்கா பேசப் போனபோது ஒரு அம்மா எழுந்து, "டீச்சர், இஞ்சிச்சாறு குடிச்சா கிட்னிக்கு ஒண்ணும் வராதுல்லா?" என்று கேட்டார். ஆமாம் என்றிருந்தால் கைதட்டியிருப்பார்கள். அக்கா, "எலிக்குச் சரி. மனுசருக்கு எனக்குத் தெரியாதும்மா" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். வெளியே வந்ததும் நான் சலித்துக்கொண்டேன். "தெரியாதத எப்படிளா சொல்ல?" என்றார்.

அதே அக்கா, மூட்டுவலிக்குக் கடையில் கேட்டு வாங்கிய அதே மாத்திரையை வருடக்கணக்கில் விழுங்கினார். மாடி ஏறிப் பாடம் நடத்த வேண்டுமே. "எலிக்குக் குடுக்குத அளவா நான் திங்கேன்?" என்று சிரிப்பார். எலிகளையாவது தினமும் எடை போட்டோம், ரத்தம் எடுத்துப் பார்த்தோம். அவரை யாரும் பார்க்கவில்லை, அவரே பார்த்துக்கொள்ளவில்லை. கால் வீங்கிய பிறகுதான் டாக்டரிடம் போனார். அதற்குள் இரண்டு சிறுநீரகங்களும் போயிருந்தன.

டயாலிசிஸ் நாட்களில் ஒருமுறை, உடன்குடிக் கருப்பட்டி போட்டுச் சுக்குக்காப்பி கொண்டுபோனேன். தண்ணீரையே அளந்து குடிக்க வேண்டியவருக்கு இதைக் கொண்டுபோகலாமா என்று என் படிப்புக்குத் தோன்றவில்லை. பிளாஸ்க் மூடியில் ஊற்றி, உதட்டை மட்டும் நனைத்துக்கொண்டு திருப்பித் தந்தார். "நம்ம எலிக்கு முன்னாடியே குடுத்தோம்லா. இப்ப குடுத்து என்ன செய்ய?" என்றார். நான் பிளாஸ்க்கை மூடி எடுத்து வந்துவிட்டேன்.

அவர் வேலையை இனி யார் தொடர்வது என்று கேட்கிறார்கள். எனக்குத் தெம்பில்லை. அக்காவிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒன்றுதான், தெரியாததைத் தெரியும் என்று சொல்லாமலிருப்பது. அதுவே இப்போது என்னைக் கொல்கிறது. முன்கூட்டியே இஞ்சி கொடுத்திருந்தால் பிழைத்திருப்பார் என்று நினைத்து அழுதாலாவது மனம் கொஞ்சம் அடங்கும். அதற்கும் அவர் விடவில்லை. எலிக்குச் சரி. அக்காவுக்கு எனக்குத் தெரியாது.