அம்மாவைக் கேட்காமல் வரைந்த படம்

ஓவியக் கல்லூரியில் கடைசி வருடம் படிக்கும்போது, கோயம்புத்தூரில் நடந்த ஒரு மாணவர் கண்காட்சிக்கு என் படம் தேர்வானது. அதற்கு முன் நான்கு முறை வெவ்வேறு இடங்களுக்கு அனுப்பி, நான்கு முறையும் 'வருந்துகிறோம்' என்று பதில் வந்திருந்தது. அதனால் ஐந்தாம் முறை அனுப்பும்போது எனக்கு ஒரு நம்பிக்கையும் இல்லை. நம்பிக்கை இருந்திருந்தால் அந்தப் படத்தை அனுப்பியிருக்கவே மாட்டேன்.

படத்தில் இருந்தது என் அம்மா. பல்லடம் பக்கம் எங்களுக்குக் கோழிப் பண்ணை இருக்கிறது. சாயங்காலம் ஐந்து மணிக்கு அம்மா தீவன வாளியைக் கீழே வைத்துவிட்டு, ஒரு கையை இடுப்பில் கொடுத்து முதுகை நிமிர்த்தி நிற்பாள். கம்பி வலை வழியாக வெயில் சாய்ந்து உள்ளே வரும். காலைச் சுற்றிலும் குஞ்சுகள். அதைச் செல்போனில் எடுத்து வைத்துக்கொண்டு இரண்டு மாதம் எண்ணெய் வண்ணத்தில் வரைந்தேன். நன்றாக வந்தது. கழுத்தும் தோளும் சேர்கிற இடத்தை அதற்குப் பிறகு அவ்வளவு நன்றாக நான் வரைந்ததில்லை.

சிக்கல் அந்தத் தோளில்தான். அம்மா நைட்டியில் இருந்தாள். அதுகூடப் பரவாயில்லை, எங்கள் பக்கம் பாதிப் பெண்கள் வீட்டில் நைட்டிதான். ஆனால் வாசலில் கூரியர்காரர் வந்து நின்றால்கூட, மேலே ஒரு துண்டைப் போட்டுக்கொண்டுதான் வெளியே வருவார்கள். துண்டு இருந்தால் நாலு பேர் முன் நிற்கலாம், இல்லாவிட்டால் முடியாது. அவ்வளவுதான் சட்டம். அம்மா பண்ணைக்குள் நுழைந்ததும் துண்டைக் கழற்றிக் கதவில் போட்டுவிடுவாள். அங்கே வெளி மனுசர் யாரும் வரமாட்டார்கள். நான் போவேன், ஆனால் பெற்ற மகள் கணக்கில் இல்லை.

என் படத்தில் துண்டு இல்லை. போதாக்குறைக்கு, படிவத்தில் தலைப்பு கேட்ட இடத்தில் 'அம்மா, மாலை ஐந்து மணி' என்று எழுதித் தொலைத்திருந்தேன். அது வேறு யாரோ என்று சாதிக்கவும் வழியில்லை.

தேர்வான செய்தியை வீட்டில் சொன்னபோது, "என்ன படம் கண்ணு?" என்று அம்மா கேட்டாள். "பண்ணைப் படமுங்கம்மா" என்றேன். பொய்யில்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. 'படம் போடறதுக்கு எதுக்குங்க காலேஜு?' என்று மூன்று வருடமாகச் சொந்தக்காரர்கள் அவரைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பதில் சொல்ல ஒரு சந்தர்ப்பம் கிடைத்துவிட்டது. போனில் கூப்பிட்டால் மரியாதை இல்லை என்று என்னையும் பைக்கில் ஏற்றிக்கொண்டு வெள்ளகோவில் அத்தை வீடு முதல் ஒவ்வொரு வீடாகப் போய் நேரில் அழைத்தார். பதினான்கு பேர் வருவதாக முடிவாகி, ஒரு வேன் பேசப்பட்டது.

நான் கண்காட்சிக்காரர்களிடம் ஓடினேன். படத்தைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன் என்றேன். மாட்டியாயிற்று, பட்டியலும் அச்சாகிவிட்டது என்றார்கள். அம்மாவிடம் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறக்கும்போதெல்லாம் அவள், "மாம்பழக் கலர் சேலை கட்டட்டுமா, பச்சை கட்டட்டுமா?" என்று கேட்பாள். புது ஜாக்கெட் தைக்கக் கொடுத்திருந்தாள். மாம்பழக் கலர் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவேன். சண்டை போடுவதென்றால் எனக்கு வாய் நீளும், இந்த மாதிரி விஷயத்துக்கு மட்டும் அது வேலை செய்யாது.

அந்த நாள் வந்தது. ஆப்பிள், ஆரஞ்சு, வெற்றிலை பாக்கு வைத்த தட்டோடு பதினான்கு பேர் வேனிலிருந்து இறங்கியதைப் பார்த்து, காவலாளி, "ஏனுங்க, கல்யாண மண்டபம் அடுத்த தெருவுங்க" என்றார். அப்பா பெருமையாக, "இல்லீங்க, புள்ளை படம் மாட்டியிருக்குது" என்றார்.

என் படத்தின் முன் எல்லோரும் வரிசையாக நின்றார்கள். அப்பா படத்தைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், அப்புறம் தரையைப் பார்த்தார். அம்மாவின் முகத்தை நான் பார்க்கவே இல்லை, எனக்குத் தைரியம் இல்லை.

கடைசியில் அப்பாவின் தங்கையான வெள்ளகோவில் அத்தைதான் வாயைத் திறந்தார். "ஏனுங் அண்ணி, மேல ஒரு துண்டைப் போட்டுட்டு நின்னிருக்கலாமுல்லீங்க?"

"கோழிக்கு முன்னால எதுக்குங்க துண்டு?" என்றாள் அம்மா. "பண்ணைக்குள்ள நான் இப்புடித்தானுங்க இருப்பேன். புள்ளை இருக்கறதைத்தானுங்க வரைஞ்சிருக்குது."

அத்தைதான் முதலில் சிரித்தார். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். மாம்பழக் கலர் சேலையில் அம்மா படத்துக்குப் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டாள். தப்பித்தேன் என்று நினைத்தேன். இந்தக் கழுதைக்கு அவ்வளவுதான் புத்தி.

வீட்டுக்கு வந்து, சொந்தக்காரர்கள் எல்லாம் கிளம்பிய பிறகு அம்மா என்னைக் கூப்பிட்டாள். சேலையை மடித்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

"நீ கேட்டிருந்தா வேண்டாம்னுதான் சொல்லியிருப்பேன் அம்மணி. ஆனாலும் நீ கேட்டிருக்கோணும்."

அவ்வளவுதான். சாப்பிட வா என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். வகுப்பில் எங்களுக்கு மாடலாக வந்து உட்காரும் பெரியவரிடம், கையைக் கொஞ்சம் இப்படி வைக்கிறீர்களா என்று கேட்டுத்தான் பென்சிலை எடுப்போம். முன்பின் தெரியாதவருக்குக் கொடுத்த அந்த மரியாதை என் அம்மாவுக்கு இல்லாமல் போயிற்று. அவ்வளவு பேர் முன்னால் அவளை நிறுத்தியது நான். அங்கேயும் அவள் என்னைத்தான் காப்பாற்றினாள்.

நான்காம் நாள், கல்லூரி விடுதிக்குத் திரும்பியிருந்த எனக்குக் கண்காட்சியிலிருந்து போன் வந்தது. புதிதாக வீடு கட்டியிருக்கும் ஒருவர் என் படத்தை வாங்கிக்கொள்ளக் கேட்கிறாராம். என் படம் ஒன்றை யாரோ விலைக்குக் கேட்டது அதுதான் முதல் தடவை. நாளைக்குச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டு, பஸ் பிடித்து வீட்டுக்குப் போனேன். அம்மா சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன்.

"எங்க மாட்டுவாங்களாமா?"

"ஹால்லயாமுங்க."

"அப்ப வர்றவங்க போறவங்க எல்லாரும் பாப்பாங்க."

"ஆமாங்கம்மா."

நாலைந்து வெங்காயம் உரித்தாள். "வேண்டாம் கண்ணு" என்றாள்.

என் நாக்கு நுனியில் ஆயிரம் வாதம் வந்து நின்றது. எல்லாவற்றையும் விழுங்கிவிட்டு, "சரிங்கம்மா" என்றேன். போனில் மறுத்தபோது காரணம் கேட்டார்கள். அம்மா வேண்டாம் என்றுவிட்டார்கள் என்றேன். அந்தப் பக்கம் சிரிப்பது கேட்டது. சிரித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

கண்காட்சி முடிந்து படத்தை வீட்டில் கொண்டுவந்து வைத்தேன். பழைய பாத்திரங்களோடு மேலே அட்டாலிக்கு ஏறிவிடும் என்றுதான் நினைத்தேன். அடுத்த மாதம் ஊருக்கு வந்தபோது, அம்மா படுக்கும் அறையில், அவள் தலை வாரும் கண்ணாடிக்குப் பக்கத்தில் அது மாட்டியிருந்தது.

"யாருங்கம்மா மாட்டுனது?" என்று கேட்டேன்.

"நாந்தேன்" என்றாள். "துண்டில்லாம நிக்கற இதை மாட்டறதுக்கு வேற யாரைக் கூப்புடறது?"