முக்காற்புள்ளிக்குப் பிறகு

அரபு பேசும் நாடுகளில் வாழும் சிறுபான்மையினரை ஆராய்வது என் தொழில். அதைப் பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரருக்கு விளக்கி முடிப்பதற்குள் அவர் இறங்கும் இடம் வந்துவிடும். சொந்தக்காரர்களுக்குப் புரியாத வேலை பார்க்கும் அன்பர்களே, உங்களுக்கு இது தெரிந்திருக்கும். இந்த செமஸ்டரில் விஷயம் முற்றிவிட்டது. வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் ஐந்து பேராவது பல்கலைக்கழகத்தில் நான் நடத்தும் பாடத்தில் பதிய வேண்டும். இல்லையென்றால் பாடம் கிடையாது. பாடம் இல்லையென்றால் என் ஒப்பந்தமும் புதுப்பிக்கப்படாது. பதிந்திருந்தவர்கள் நால்வர்.

விருந்தில்

சுங்கை பினாங்கில் ஒரு நிச்சயதார்த்தம். சித்தப்பா மகன் குமார் பக்கத்தில் உட்கார்ந்து, "அரபுக்காரங்களப் பத்தித்தானே ஆராய்ச்சி பண்றீங்க?" என்றான். ஆமாம் என்று விட்டிருக்கலாம். அரபு பேசுவோரெல்லாம் அராபியர் அல்லர், அராபியரெல்லாம் முஸ்லிம்கள் அல்லர் என்று தொடங்கி, எகிப்தின் காப்டிக் கிறிஸ்தவர்கள் வழியாக, ஓடும் நீரில் ஞானஸ்நானம் எடுக்கும் ஈராக்கின் மந்தேயர் வரை போய்விட்டேன். அதற்குள் அவன் தட்டில் சோறு காய்ந்திருந்தது.

"அவங்கள விடுங்கண்ணே, ஒங்க வேல பெர்மனண்டா இல்லியா?"

அலுவலகத்தில்

பதிவு விவரம் பார்ப்பவர் கக் ரோஸ், அதாவது ரோஸ் அக்கா, என்ற மலாய்க்கார எழுத்தர். புதன்கிழமை மட்டும் மூன்று முறை போனேன்: ஒருமுறை ஸ்டேப்ளர் கேட்டு, ஒருமுறை கடித உறை கேட்டு. மூன்றாம் முறை கேட்க ஒன்றும் தோன்றாமல் கதவருகே நின்றேன். அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் மலாயில் சொன்னார்:

"நாலுதான், டாக்டர். நீங்க வந்து நின்னா அது அஞ்சாகாதுலா."

பாயான் லெப்பாஸில்

வியாழனன்று, அங்கே ஒரு தொழிற்சாலையில் பொறியாளராக இருக்கும் ஈராக்கியக் கிறிஸ்தவர் ஒருவரைப் பேட்டி கண்டேன். அரபு வெளியில், அராமிக் வீட்டில் என்று வளர்ந்தவர். மகளோடு எந்த மொழி என்று கேட்டேன். "நான் அராமிக்கில் கேட்பேன், அவள் ஆங்கிலத்தில் சொல்வாள்" என்றார். குறித்துக்கொண்டேன். "உங்கள் வீட்டில்?" என்றார். நான் மகனிடம் தமிழில் கேட்பேன், அவனும் ஆங்கிலத்தில்தான் சொல்வான் என்று சொல்லிவிட்டுப் பேனாவை மூடினேன்.

"எழுதுங்கள் டாக்டர், ஏன் நிறுத்திவிட்டீர்கள்?"

வெள்ளி, நாலரை மணி

ஐந்தாவதாகப் பதிந்த பிலோமினா, வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவர். முகம் மலர வந்தார். "சார், நம்ம தமிழாளுங்களப் பத்தியே ஒரு பாடம் வந்துருக்குன்னு வீட்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்" என்று போனை நீட்டினார். திரையில் பாடத்தின் பெயர் 'சிறுபான்மையினரும் பண்பாடும்' என்று மட்டும் இருந்தது, கடைசியில் ஒரு முக்காற்புள்ளி. அந்தப் புள்ளி வேண்டும் என்று பாடத்திட்டக் குழுவில் நாற்பது நிமிடம் வாதாடியவன் நான். அதற்குப் பிறகு வரும் 'அரபு பேசும் நாடுகளில்' திரைக்கு வெளியே போயிருந்தது.

ஐந்து மணிக்கு மேல் பாடத்திலிருந்து விலக முடியாது. அரை மணி நேரம் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். ஐந்து நிமிடம் தாக்குப்பிடித்தேன், பிறகு சொல்லிவிட்டேன். பிலோமினா போனைக் குறுக்கே திருப்பி முழுப் பெயரையும் படித்தார். விலகுவதற்கான பொத்தான் அதற்கு நேர் கீழே இருந்தது. அவர் விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். போன் கைப்பைக்குள் போனது.

"பரவால்ல சார், அவங்க எப்படிச் சமாளிக்கிறாங்கன்னு பாத்துட்டு வருவோம்."

ஆக, நான் இருபது ஆண்டு முழுதாகப் படித்த படிப்பை, ஒருவர் ஒரே ஒரு வரியைப் பாதி படித்துக் காப்பாற்றினார்.