ஓடுபாதையின் நடுவே இருந்த படி

வெள்ளிக்கிழமை காலை பெரிய மார்க்கெட்டில் பூ வாங்கிக்கொண்டிருந்தபோது வீட்டிலிருந்து போன் வந்தது. "பூ வாங்கிட்டியா?" என்று என் கணவர் கேட்டார். வாங்கிவிட்டேன் என்றேன். "சாமிக்கு வாங்குனது இருக்கட்டும். ஒரு மாலையும் வாங்கிட்டு வந்துடு," என்றார். யாருக்கு என்று நான் கேட்கவில்லை. அவருடைய தம்பி குணசேகரன், காபியில் சர்க்கரை கம்மி என்று சொல்லி என்னை அனுப்பிவைத்து ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்கவில்லை.

கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டும் நம் சிமுலேட்டர் குழுவில் அன்று மாலை நான்தான் செய்தி போட்டேன். குணசேகரனின் போனில், நீங்கள் அறிந்த குணா என்ற பெயரிலேயே போட்டேன். "குணா இன்று காலை காலமானார்." உங்களில் ஒருவர், "இன்னா தல, மறுபடியும் கிராஷா?" என்று சிரிக்கும் முகத்தோடு எழுதினார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. குணாவே எழுதியது போல வந்தால் யாரும் விளையாட்டு என்றுதான் நினைப்பார்கள். அன்று பதில் எழுத முடியவில்லை. இப்போது எழுதுகிறேன்.

குணாவுக்குத் தசை தேயும் நோய். முதலியார்பேட்டையில் ஒரு கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையில் வேலை பார்த்தவர். முதலில் மாடி ஏற முடியாமல் போனது, அப்புறம் நடக்க முடியாமல் போனது. கடைசி வருடங்களில் வலது கையில் இரண்டு விரல்கள்தான் அவர் சொன்னதைக் கேட்டன. அந்த இரண்டை வைத்து விமானம் ஓட்டினார். டைப் செய்ய முடியாது. விமான நிலையங்களைச் சரிசெய்து அவர் அனுப்பியதாக உங்களுக்கு வந்த ஒவ்வொரு ஃபைலிலும் எண்களைத் தட்டியது, பத்தாவதோடு படிப்பை நிறுத்திய அவருடைய அண்ணியான நான்.

நான் இந்த வேலைக்குள் வந்தது லாஸ்பேட்டை விமான நிலையத்தால். கருவடிக்குப்பத்தில் எங்கள் வீட்டுக்கு அது பக்கம். பழைய சிமுலேட்டருக்காக யாரோ செய்து வைத்த அந்த நிலையம், புதிய சிமுலேட்டரில் பள்ளத்துக்குள் கிடந்தது. சிமுலேட்டரின் தரையைப் புதிதாக அளந்து திருத்தியவர்கள் நிலையத்தைப் பழைய உயரத்திலேயே விட்டிருந்தார்கள். ஓடுபாதையைச் சுற்றிக் கிணற்றுச் சுவர் மாதிரி மண் நின்றது. குணா என்னைக் கூப்பிட்டார்.

"அண்ணி, நம்ம வீட்லேர்ந்து ஏர்போர்ட் பக்கம் போனா ஏத்தமா, எறக்கமா?"

"ஏத்தம்தான். சைக்கிள் மிதிச்சா மூச்சு வாங்கும்."

"எந்த எடத்துல எறங்கித் தள்ளுவீங்க?"

கடை கடையாகச் சொன்னேன். தன்னால் போக முடியாத மேட்டை அவர் என் முழங்கால் வலியை வைத்துச் சரிபார்த்தார். தரை சரி, நிலையம்தான் தப்பு என்று முடிவாயிற்று. உயரத்தை மாற்றிச் சின்னதாக ஒரு திருத்த ஃபைல் செய்தோம். விமானம் சமதரையில் உருண்டு நின்றதும், "எறங்குங்க அண்ணி, நம்ம ஊரு வந்துட்டுது," என்றார். நான் நிஜமாகவே நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன்.

அதன் பிறகு ஒரு நோட்டுப் போட்டேன். நிலையத்தின் பெயர், பழைய உயரம், புதிய உயரம், எந்தெந்த ஃபைலைத் தொட்டோம் என்று கோடு போட்டு எழுதுவேன். "அரை அடிக்கெல்லாம் சண்ட போடுறீங்களே, இன்னா அண்ணி, மனையா வாங்கப் போறீங்க?" என்று கிண்டல் செய்வார். ஆனால் என் நோட்டைப் பார்க்காமல் எதையும் அனுப்பமாட்டார்.

அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. வேலை முடிந்ததும் எல்லாவற்றையும் கலைக்கச் சொல்வார். உங்கள் கம்ப்யூட்டர்களில் என்னென்ன பழைய ஃபைல்கள் இருக்குமோ அத்தனையையும் எங்களுடையதில் திரும்பப் போட வேண்டும். பிறகு ஃபைலோடு உங்களுக்கு அனுப்பும் குறிப்பை வரி வரியாகப் படித்து அதன்படியே செய்து, விமானத்தை ஓடுபாதையின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை மெல்ல உருட்ட வேண்டும். "நம்ம வீட்ல சரியா இருந்தா போதுமா அண்ணி? அவங்க வீட்ல சரியா இருக்கணும்."

அந்த மலை நிலையம் உங்களுக்கு நினைவிருக்கும். ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வரிசையாக அங்கே இறங்குவதாகத் திட்டம். அதற்கு முன்பே ஒரு திருத்தம் கொடுத்திருந்தோம். அது போதவில்லை என்று குணா புதிதாகக் கணக்கிட்டார். சனிக்கிழமை அவருக்குக் காய்ச்சல், படுத்திருந்தார். "நீங்களே கலைச்சிப் போட்டு, உருட்டிப் பாத்துட்டு அனுப்பிடுங்க," என்றார். அன்று கிருத்திகை. கோயிலில் அபிஷேகத்துக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. எங்கள் திரையில் சரியாக இருந்ததை ஒரு பார்வை பார்த்தேன், அனுப்பினேன். கிளம்பும்போது, "உருட்டிப் பாத்தீங்களா?" என்று படுக்கையிலிருந்து கேட்டார். "ஆச்சுப்பா," என்று சொல்லிவிட்டுப் போனேன்.

எங்கள் கம்ப்யூட்டரில் பழைய திருத்தத்தை முன்பே நீக்கியிருந்தோம். உங்களுடையதில் அது இருந்தது. அதை நீக்கச் சொல்லும் ஒரு வரியை நான் குறிப்பில் எழுதவில்லை. இரண்டு ஃபைலும் மோதிக்கொள்ள, பாதி ஓடுபாதை ஒரு உயரத்திலும் மீதி வேறு உயரத்திலும் நின்றது. நடுவில் ஆள் உயரத்துக்கு ஒரு படி. ஒருவர் பின் ஒருவராக அதில் போய் மோதினீர்கள். "கண்ண மூடிக்கினு செய்வாரு போல," என்றார் ஒருவர். "இவரு ஃபைல எல்லாம் தூக்கிடுங்கப்பா," என்றார் இன்னொருவர்.

குணா எல்லாவற்றையும் படித்தார். "கலைச்சிப் போட்டுப் பாக்கலையா அண்ணி?" என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன்.

"டைப் பண்ணுங்க. தப்பு என்னுது. மன்னிச்சிடுங்க. பழைய ஃபைல எடுத்துட்டா சரியாயிடும்."

"அண்ணிதான் செஞ்சாங்கன்னு போடுறேன் குணா."

"அண்ணி எதுக்கு டைப் பண்றாங்கன்னு கேப்பாங்க. அப்புறம் அய்யோ பாவம்பாங்க. இத்தினி வருஷத்துல இவங்க ஒருத்தரும் என்ன அய்யோ பாவம்னது இல்ல. திட்டட்டும் அண்ணி. பரவால்ல."

என் தப்புக்கு அவர் பெயரில் என் விரலாலேயே மன்னிப்பு தட்டினேன்.

அதோடு யாரும் அவரிடம் எதுவும் கேட்கவில்லை. தினமும் காலையில், "எதுனா வந்துச்சா?" என்பார். "இன்னும் இல்லப்பா." சில வாரங்களில் அந்தக் கேள்வியும் நின்றது. திரையைப் போடச் சொல்வதும் நின்றது. முருகனிடம் நான் அவர் உடம்புக்காக வேண்டவில்லை. அது ஆகாது என்று டாக்டர் முன்பே சொல்லிவிட்டார். உங்களில் யாராவது ஒருவர், ஒரே ஒரு நிலையத்தைச் சரிசெய்து தரச் சொல்லிக் கேட்கட்டும் என்றுதான் வேண்டினேன். அதுவும் நடக்கவில்லை.

இதை எழுதலாமா என்று கணவரிடம் கேட்டேன். அவர் கரும காரியத்துக்கான சாமான் லிஸ்ட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"அவன் மறைச்சி வெச்சத நீ சொல்லப் போற. அவன் பேரு நல்லா இருக்கணும்னா, இல்ல உன் மனசு லேசாவணும்னா?"

"ரெண்டுக்கும்தான்."

"ரெண்டாவது ஆவாது. மொதல்ல சொன்னதுக்கு வேணா எழுது."

அதனால் எழுதிவிட்டேன். அய்யோ பாவம் என்று மட்டும் யாரும் சொல்லாதீர்கள். அவர் கேட்காத ஒன்று அது.

ஒரு காரியம் செய்யுங்கள். அந்த மலை நிலையத்தின் ஃபோல்டரைத் திறந்து பழைய திருத்தத்தை எடுத்துவிடுங்கள். புதியதை விட்டுவையுங்கள். பிறகு இறங்கி, இந்த முனையிலிருந்து அந்த முனைவரை மெல்ல உருட்டிப் பாருங்கள். எங்கும் தட்டாது. அந்தச் சமதரை குணா போட்டது, அதை அவர் பெயரிலேயே வைத்திருங்கள். அவர் தன் பெயரில் ஏற்றுக்கொண்ட அந்தப் படியை நான் வாங்கிக்கொள்கிறேன். அவரிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொள்வது அது ஒன்றுதான்.