மதினியும் நானும் எழுதிய மறுகால்

அந்த ஐப்பசியில் நான் தென்காசி வீட்டில் இருந்தபடியே சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு மென்பொருள் எழுதிக்கொண்டிருந்தேன். ஒரு மத்தியானம் வீரகேரளம்புதூரிலிருந்து மதினி போன் செய்தாள்.

"ஏட்டி, நம்ம ரெண்டு பேரு பேரையும் ஒரு போட்டிக்குக் குடுத்துட்டேன். முடியாதுன்னு மட்டும் சொல்லப்படாது."

"என்ன போட்டி மதினி?"

"கோடு எழுதுத போட்டி. மழை, வெயிலு எல்லாம் தாறுமாறாப் போகுதுல்லா, அதைச் சமாளிக்க ஒரு புரோகிராம் எழுதணும். உலகம் பூராவும் இருந்து எழுதுதாவ."

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. மதினி கம்ப்யூட்டர் படித்தவள் என்பது தெரியும். படிப்பு முடிந்த கையோடு ராணுவத்தில் இருந்த என் அண்ணனைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராகக் குவார்ட்டர்ஸ் மாறினாள். அண்ணன் ஓய்வு பெற்று வந்தபின் நெல் வயலும் மாடும் பிள்ளைகளின் பள்ளிக்கூடமுமாக இருந்தாள். இத்தனைக்கும் நடுவில் இணையத்தில் பாடம் பார்த்து, விட்ட இடத்திலிருந்து நிரல் எழுதப் பழகியிருக்கிறாள். வீட்டில் ஒருவரிடமும் மூச்சுவிடவில்லை.

மற்ற நாட்டுக்காரர்கள் காட்டுத்தீ, கடல்மட்டம் என்று பெரிதாக யோசித்துக்கொண்டிருந்தார்கள். மதினிக்குத் தன் ஊர்க் குளம்தான். எங்கள் பக்கம் குளங்கள் ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக இருக்கும். மேல்குளம் நிரம்பினால் மிஞ்சும் தண்ணீர் மறுகால் வழியாகப் பாய்ந்து அடுத்த குளத்துக்கு வரும். முந்தின வருஷம் மேலே மறுகால் பாய்ந்தது தெரியாமல், கீழே மடையை அடைத்தே வைத்திருந்தார்கள். தண்ணீர் கரைமேல் ஏறி, அண்ணன் நட்ட நாற்று முழுவதும் சேறாகிப் போனது.

"ஒருத்தராவது முந்தியே சொல்லிருந்தா மடையைத் திறந்துவிட்டிருப்போம். சொல்லத்தான் ஆள் இல்ல. நம்ம புரோகிராம் சொல்லட்டும்" என்றாள்.

செயற்கைக்கோள் படத்திலிருந்து ஒவ்வொரு குளத்திலும் தண்ணீர் எவ்வளவு பரந்திருக்கிறது என்று கணக்கிட்டு, மறுகால் பாயப்போகும்போது கீழே உள்ளவர்களின் போனுக்குச் சேதி அனுப்ப வேண்டும். அதுதான் திட்டம். நான் படங்களைப் பார்த்துக்கொண்டேன். கணக்கு மதினியுடையது. முதல் வாரமே முட்டுச்சந்தில் நின்றோம். குற்றாலம் மலையை ஒட்டிய வானம் மழைக்காலத்தில் என்றைக்குத் திறந்திருக்கிறது? எந்தப் படத்தை எடுத்தாலும் வெள்ளை வெளேரென்று மேகம். பிறகு, மேகத்தைத் துளைத்துப் பார்க்கும் ரேடார் படங்கள் இலவசமாகவே கிடைக்கும் என்று மதினி கண்டுபிடித்தாள். அதில் தண்ணீர் கறுப்பாகத் தெரியும். படம் வராத நாட்களுக்கு, பெய்த மழையை வைத்துக் கணக்குப் போட்டாள்.

எல்லாம் ஓட ஆரம்பித்தபோது, கடையம் பக்கத்துக் குளம் ஒன்று வறண்டு கிடப்பதாக எங்கள் புரோகிராம் சொன்னது. மழை கொட்டிக்கொண்டிருந்தது. சந்தேகப்பட்டு இரண்டு பேரும் பஸ் ஏறிப் போனோம். கரையில் ஏறிப் பார்த்தால், குளம் கழுத்துவரை நிரம்பி, மேலே ஒரு அங்குலம் இடைவெளியில்லாமல் ஆகாயத்தாமரை மூடிக் கிடக்கிறது.

"மேல இருந்து பாத்தா இது தோட்டம்லா" என்று மதினி குடையை மடக்கிவிட்டுச் சிரித்தாள். நனைந்துகொண்டே நானும் சிரித்தேன்.

ஆகாயத்தாமரை மூடிய குளங்களுக்கு ஒரே வழி, கரையில் நின்று யாராவது தினமும் மறுகாலைப் போட்டோ எடுத்து அனுப்புவது. ஊருக்கு ஊர் அப்படி ஆள் வேண்டும். எங்கே போவது? அதுவரை "பொம்பளையளுக்கு வேற வேலையில்ல" என்று கிண்டல் செய்துகொண்டிருந்த அண்ணன், அன்று ராத்திரி மதினி வீட்டுச் சாப்பாட்டில் நாங்கள் புலம்புவதைக் கேட்டுவிட்டு எழுந்து கையைக் கழுவினான்.

"வாசுதேவநல்லூர்ல இருந்து கடையம் வரைக்கும் எங்க ரெஜிமெண்ட் ஆளு இல்லாத ஊரு எதுட்டி?" என்று போனை எடுத்தான்.

மறுநாள் காலையிலிருந்தே படங்கள் வர ஆரம்பித்தன. மழைக்கோட்டு போட்ட ஓய்வுபெற்ற சிப்பாய்கள், ஒருநாள் தவறாமல் அனுப்பினார்கள். ஒருவர் ஒவ்வொரு படத்துக்குக் கீழும் 'நிலைமை கட்டுக்குள்' என்று எழுதுவார்.

இறுதிச் சுற்றுக்குத் தேர்வானோம். வீடியோவில் நடுவர்களிடம் நேரடியாக விளக்க வேண்டும். கிராமத்தில் கரண்டை நம்ப முடியாதென்று மதினி என் வீட்டுக்கு வந்துவிட்டாள். ஆங்கிலம் பேச வராதே என்று காலையிலிருந்து தண்ணீராகக் குடித்துக்கொண்டிருந்தாள். நான்தான் பேசுவதாக ஏற்பாடு. நடுவர்களில் ஓர் அம்மாள் கேட்டார்: மனிதர்கள் அனுப்பும் படங்களை எப்படி நம்புகிறீர்கள், ஒருநாள் சோம்பல்பட்டு அனுப்பாமல் விட்டால் என்ன செய்வீர்கள்?

நான் வாயைத் திறப்பதற்குள் மதினி முன்னால் நகர்ந்தாள். "மேடம், அவர்கள் எல்லையில் பனியில் காவல் நின்றவர்கள். குளக்கரையில் நிற்கமாட்டார்களா?" என்று உடைந்த ஆங்கிலத்தில், ஆனால் நிறுத்தி நிதானமாகக் கேட்டாள். கேட்டவர் சிரித்துவிட்டார். பிறகு, படம் வராத நாளில் புரோகிராம் பக்கத்துக் குளங்களை வைத்து எப்படிக் கணக்கிடும் என்பதையும் அவளே விளக்கி முடித்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இத்தனை வருஷம் நாங்கள் அடுக்களையிலேயே பார்த்தவளா இவள் என்றிருந்தது.

மார்கழியில் முடிவு வந்தது. இரண்டாம் இடம். திரையில் எங்கள் பேருக்குப் பக்கத்தில் புரோகிராமுக்கு நாங்கள் வைத்த 'மறுகால்' என்ற பேர் ஆங்கில எழுத்தில் நின்றது. அதை உச்சரிக்க அந்த வெளிநாட்டு அறிவிப்பாளர் பட்ட பாடு இருக்கிறதே! அதற்குள் மேல்குளத்துச் சேதி ஒருமுறை வந்து, அண்ணனும் ஊர்க்காரர்களும் சேர்ந்து முன்கூட்டியே மடையைத் திறந்துவிட்டிருந்தார்கள். அந்த வருஷம் நாற்று நின்றது.

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் குற்றாலத்துக்குக் குளிக்கப் போனோம். மெயின் அருவியில் ஐயப்ப சாமிமார் கூட்டம். நாங்கள் தலை துவட்டிக்கொண்டு பெண்கள் பக்கத்திலிருந்து வெளியே வரும்போது, அண்ணன் முன்பின் தெரியாத ஒரு குருசாமியைப் பிடித்து வைத்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தான்.

"அந்தா வருதாவள்லா, ரெண்டு பேரும் உலகத்துல ரெண்டாவது சாமி. அது என் தங்கச்சி. இது என் வீட்டுக்காரி, நல்லாப் படிச்சவ."

"படிச்சவன்னு சொல்லாதீய" என்றாள் மதினி, ஈரத் துண்டைத் தோளில் போட்டபடி. "புரோகிராமர்னு சொல்லுங்க."

"புரோகிராமர் சாமி" என்று அண்ணன் சத்தமாகத் திருத்திச் சொன்னான்.