சுவரில் நடந்தவன்

கார்குழலிக்கு ஒரு குணம். எதையும் சும்மா விடமாட்டாள். காலையில் திருவொற்றியூர் மருந்துக்கடையில் வேலை, சாயங்காலம் சந்துப் பிள்ளைகளுக்கு வகுப்பு. அதில் பாடப்புத்தகத்தைத் தொடுவதே அபூர்வம். கன்டெய்னர் லாரி போனால் தண்ணீர்க் குடத்தில் ஏன் வட்டம் எழுகிறது, மத்தியானத்துக்கு மேல் ஆலைப் புகை ஏன் மேற்கே சாய்கிறது என்று கேட்பாள். பதிலைச் சொல்லாமல் பார்த்துவிட்டு வரச் சொல்வாள். பிள்ளைகளும் விழுந்தடித்துக்கொண்டு ஓடுவார்கள்.

சொக்கம்மாள் வீட்டுப் பக்கம் மட்டும் போகமாட்டார்கள். சந்தின் கடைசி வீடு அது. எதிரே ஆலையின் மதில், அதோடு வழி முடிந்தது.

"நாலு மணிக்கு அந்த வூட்டு செவுத்துல ஒரு ஆளு தலைகீழா நடக்குது மிஸ். எங்கம்மாவே பாத்துக்கீது," என்றாள் கௌசர்.

சொக்கம்மாளின் மகன் பீம்ராவ் ஆலைத் தொட்டியைக் கழுவக் கயிற்றோடு இறங்கியவன், பிணமாகத்தான் மேலே வந்தான். அன்றைக்கு ஜன்னலைப் பலகையால் அடைத்தவள் பிறகு திறக்கவே இல்லை. சுவரில் வருகிறவன் தன் மகன்தான் என்று நம்பி, தினமும் அவனுக்கு டீ போட்டு வைத்தாள். அந்த நம்பிக்கையும் போனால் அவளுக்கு வேறென்ன மிச்சம் என்று கார்குழலி கொஞ்சம் யோசித்திருக்கலாம். எங்கே யோசித்தாள்? பேயை ஓட்டுகிற வேகம் அவளுக்கு.

மறுநாள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு போய் நின்றாள். சொக்கம்மாள் தடுக்கவில்லை.

"வாங்க கண்ணு, அவன் வர்ற நேரந்தான்," என்று பாயை விரித்தாள்.

கதவைச் சாத்தியதும் அறை கும்மிருட்டானது. பலகையில் ஓர் ஆணி ஓட்டை மட்டும் மினுங்கியது. கார்குழலி பிள்ளைகளில் ஒருத்தியான ஜெனியை வெளியே அனுப்பி, ஜன்னலுக்கு எதிரே வெயிலில் நிற்கச் சொன்னாள். உள்சுவரில் ஜெனியின் சிவப்பு கவுன் தலைகீழாக வந்து நின்றது. பிள்ளைகள் கத்தித் தீர்த்தார்கள்.

"வெளிச்சம் நேராத்தான் போவும். மேல கீறது ஓட்டை வழியா கீழ விழும், கீழ கீறது மேல விழும். அவ்ளோதான். பேயும் இல்ல, பிசாசும் இல்ல." ஓட்டையை விரலால் மூடினாள். ஜெனி மறைந்தாள். விரலை எடுத்ததும் திரும்ப வந்தாள்.

சொக்கம்மாள் டீ டம்ளரைப் பிடித்தபடி சுவரையே பார்த்தாள். "அப்போ வெளிய ஆளு நின்னாத்தான் உள்ள தெரியுமா?"

"ஆமாக்கா. வெளிய இல்லாதது செவுத்துல வராது. சத்தியமா." அந்த முகத்தைப் பார்க்கக் கார்குழலிக்குப் பாவமாகத்தான் இருந்தது. அதற்காகப் பொய் சொல்ல முடியுமா?

"மிஸ்..." கௌசர் சுவரைக் காட்டினாள். "நாலு காலு கீது மிஸ்."

ஜெனியின் பக்கத்தில் இன்னோர் உருவம் தலைகீழாக நின்றது. மடித்துக் கட்டிய லுங்கி, தோளில் சுருட்டிய கயிறு. அசையவில்லை. கார்குழலி கதவுப் பக்கம் திரும்பிக் கத்தினாள்.

"ஜெனி! உன் பக்கத்துல யாருடி?"

"யாரும் இல்லியே மிஸ்," என்று வெளியிலிருந்து பதில் வந்தது. "நான் மட்டுந்தான் நிக்கிறேன். உள்ள வரட்டுமா?"

சொக்கம்மாள் முகத்தில் அப்படியொரு சந்தோஷத்தை அந்தச் சந்தில் யாரும் பார்த்ததில்லை. "படிச்ச பொண்ணு, கரீட்டா சொன்னம்மா. நான் ஒரு பைத்தியக்காரி, இத்தினி நாளா செவுத்தாண்ட பேசிக்கினு இருந்தேன் பாரு." கதவை அகலத் திறந்து, டீயோடு வெயிலில் இறங்கினாள்.

கார்குழலி வாசல்வரை தட்டுத்தடுமாறி வந்தாள். மதிலோரம் ஜெனியைத் தவிர ஒருவரும் இல்லை.

"கொஞ்சம் தள்ளி நில்லு கண்ணு," என்றாள் சொக்கம்மாள். "அவன் கால மிதிச்சிக்கினு நிக்கிற."